மாமாவின் மட்டைகளும் லாவோஸ் குளமும்

பெண்ணின் தகப்பன் எதைக் கேட்டாலும் மாப்பிள்ளையாக நினைக்கிறவனின் தலை தானாகவே ஆடும். பாம்பு பிடிப்பீரா என்று கேட்டிருந்தாலும் பிடிப்பேன் என்றுதான் சொல்லியிருப்பேன். சிந்துஜாவின் அப்பா பாம்பைப் பற்றிக் கேட்கவில்லை.

“தம்பி, நீர் கோல்ஃப் விளையாடுவீரோ?”

“ஓம் மாமா.”

(ஒஸ்லோவின் ஓரத்தில், வெஸ்ட்லி அடுக்குமாடியில் வளர்ந்தவன் நான். கோல்ஃப் மட்டையைத் தொட்டதுகூட இல்லை.)

மாமா நோர்வேயின் ஸ்தவாங்கர் நகரில் எண்ணெய்க் கம்பனி இன்ஜினியர். “அப்ப நல்லதாப் போச்சு. இஞ்சை எல்லாம் ஸ்னோ மூடிக் கிடக்கு. லாவோஸிலை இப்பதான் வெளிநாட்டு ஆக்களுக்கெண்டு புதுசு புதுசா மைதானம் திறக்கிறாங்கள். ரெண்டு பேரும் போட்டு வருவம்” என்றார்.

சிந்துஜா தலையில் கைவைத்தாள். “அப்பா உம்மை நிறுத்துப் பாக்கத்தான் கூட்டிக்கொண்டு போறார். வந்து அவர் சொல்லுறதுதான் முடிவு.”

ஒஸ்லோ முழுக்கப் பனி. எங்கே பழகுவது? குசினிக்குள் கூட்டுகிற தும்புத்தடியால் தேசிக்காயை அடித்துப் பழகினேன். தேசிக்காயில் பட்டதைவிட அலுமாரிக் கண்ணாடியில் பட்டதுதான் அதிகம்.

லாவோஸில் மாமா தன்னுடைய பழைய மட்டைகளைப் பையோடு எனக்குத் தந்தார். அவர் முதன்முதல் கோப்பை வென்ற மட்டைகள். மாமியைக்கூட அவ்வளவு பத்திரமாக விமானத்தில் ஏற்றியிருக்க மாட்டார். ஆளுக்கொரு பெண் பை சுமந்து வருவது அந்த மைதானத்தில் கட்டாயம். எனக்கு வந்தவருக்கு என் அம்மாவின் வயது.

அம்மா சுமக்க மகன் கைவீசி நடப்பதா? பையைப் பிடித்து இழுத்தேன். அவரும் விடாமல் இழுத்தார். கடைசியில் நான் வென்றேன், அவர் அழத் தொடங்கினார். பையைப் பறித்தால் ‘நீ வேண்டாம், வீட்டுக்குப் போ’ என்று அர்த்தமாம். மேற்பார்வையாளர் ஓடி வந்தார், மாமா மன்னிப்புக் கேட்டார். கடைசியில் நான் பையைச் சுமக்க, அந்த அம்மா எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்தார். சாமியே இறங்கித் தேர் இழுத்த மாதிரி இருந்தது.

விளையாட்டைப் பற்றி என்ன சொல்ல? வீசிய வீச்செல்லாம் புல்லைத்தான் பெயர்த்தது. கடைசியாகப் பட்ட அடியில் பந்து உருண்டு போய்க் குளக்கரையில் நின்றது. பையும் தோளுமாக ஓடிப்போய் அதை எடுக்கக் குனிந்தேன்.

“கையாலை எடுக்காதையும்!” என்று மாமா கத்தினார்.

அதற்குள் பை சரிந்து, மட்டைகள் என் தலைக்கு மேலாலே ஒவ்வொன்றாகக் குளத்துக்குள் இறங்கிவிட்டன. நானும் சப்பாத்தோடு குதித்தேன். இடுப்பளவு சேறு. துழாவித் துழாவி இரண்டு மட்டைகளை எடுத்தேன். அதில் ஒன்று வேறு யாருடையதோ. இனி எந்த முகத்தோடு ஒஸ்லோ போவது? சிந்துஜா போய்விட்டாள் என்றே முடிவு செய்து, சேற்றுக்குள் நின்று உண்மையாகவே அழுதேன். கரையில் அந்த அம்மா இன்னும் எனக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

ஹோட்டலுக்கு வந்ததும் மாமா கேட்டது ஒரே ஒரு கேள்வி. “உந்தப் பையை ஏன் பறிச்சனீர்?”

“அவவுக்கு எங்கடை அம்மாவின்ரை வயசு, மாமா.”

அவர் பால்கனிக்குப் போய் சிந்துஜாவுக்குப் போன் எடுத்தார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“விளையாட்டு ஒரு மண்ணும் தெரியாது, பிள்ளை. ஆனா சுமை தூக்குவார்.”

கலியாணம் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் நடந்தது. அதற்குள் கதை நோர்வே முழுவதும் பரவியிருந்தது. கெட்டிமேளம் முழங்க, தாலியோடு நான் சிந்துஜாவின் பக்கம் குனிந்தேன். பின்னால் மாமாவின் குரல் கேட்டது.

“மெல்லமாக் குனியும், தம்பி!”

மண்டபமே சிரித்தது. மேளத்தையும் மீறி அந்தக் குரல் வீடியோவில் தெளிவாகப் பதிந்திருக்கிறது. ஒவ்வொரு கலியாண நாளுக்கும் வீட்டார் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். சிந்துஜாதான் ரிமோட்டை வைத்திருப்பாள்.