பைபாஸில் போன சீர்வரிசை

வழி தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. அவன் வண்டியை நிறுத்தி நாலு பேரைக் கேட்டாவது போய்ச் சேர்ந்துவிடுவான். வழி தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவன்தான் ஆபத்தானவன். அவனுக்குப் பின்னால் ஒரு டெம்போவும் இரண்டு வேனும் ஒரு டிரம் செட்டும் வந்தால் சொல்லவே வேண்டாம். அப்படி ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். ஷேவ் செய்யும்போது தினமும் பார்க்கிறேன்.

என் தங்கை செல்வியின் மகளுக்குக் காதுகுத்து. மாப்பிள்ளை வீட்டார் திருமயம் ரோட்டில், பைபாஸை ஒட்டிப் புதிதாகக் கட்டிய மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அந்த மடிக்குச் சொந்தக்காரன் நான். சென்னையில் வேலை, லீவு கிடைக்கவில்லை என்று தங்கையின் வளைகாப்புக்குப் போகாமல் விட்டதில் அந்த வீட்டில் என் பெயர் ஏற்கெனவே ரிப்பேர். மாப்பிள்ளையின் அண்ணன், செல்விக்குப் பெரியத்தான், அதையே பிடித்துக்கொண்டு, "ஒங்க அண்ணன் வரலைன்னா சொல்லும்மா, என் மடி சும்மாதான் கெடக்கு" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செல்வி எனக்கு போன் செய்து அழுதாள்.

"அண்ணே, வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள நீ வந்து ஒக்காரணும். அந்த மனுசன் மடியில எம்புள்ளைய ஒக்கார வச்சேன்னா, சாகுற வரைக்கும் இவுக சொல்லிக் காட்டுவாக."

"நான் வாரேன். ஊரே பாக்குற மாதிரி வாரேன்" என்றேன். (இந்த வாக்கை மட்டும் முழுதாகக் காப்பாற்றினேன்.)

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு வாசலில் சீர் கிளம்பியது. பட்டு வேட்டியில் நானும், பக்கத்தில் தோட்டுப் பெட்டியோடு என் மனைவி கவிதாவும் முதல் காரில். பின்னால் தட்டுகளோடு பெண்கள் இரண்டு வேனில். அதற்குப் பின்னால் வாழைத்தாரும் பலாப்பழமும் சித்தப்பாவும் ஏறிய டெம்போ. கடைசியில் ஒரு குட்டி யானை வண்டியில் டிரம் செட்.

"டவுனுக்குள்ள நேரா போயிருவோம்ப்பா, தெரிஞ்ச ரோடு" என்றார் சித்தப்பா.

"இன்னைக்கு முகூர்த்த நாள் சித்தப்பா, டவுன்ல மாட்டிக்கிட்டா அவ்வளவுதான். பைபாஸ்ல போனா வழுக்கிக்கிட்டுப் போயிரலாம். நான் மெட்ராஸ் ரிங் ரோட்டையே பாத்தவன்." (பார்த்தது உண்மை. ஆபீஸ் வண்டியின் பின்சீட்டிலிருந்து, தூக்கத்துக்கு நடுவில்.)

அதோடு விட்டேனா? எல்லோரையும் நிற்க வைத்து ஒரு லெக்சரும் அடித்தேன். ஓட்டும்போது யாரும் யாருக்கும் போன் போடக் கூடாது. யாரும் யாரையும் முந்தக் கூடாது. தாய்மாமன் வண்டிதான் முதலில் போக வேண்டும், அதுதான் மரியாதை. கவிதா போனில் மேப்பைத் திறந்தபோது அதையும் அணைக்கச் சொன்னேன். சொந்த ஊரில் மேப் போட்டுக்கொண்டு போனான் என்று நாளைக்கு யாரும் பேசிவிடக் கூடாதல்லவா.

திருச்சி ரோடு ரவுண்டானாவில் திரும்பி பைபாஸில் ஏறியதும் எனக்கு ஒரு ராஜகளை வந்துவிட்டது. நாலு வழிச்சாலை, வெயில் ஏறாத காலை, பின்னால் டிரம் செட் விளாசுகிறது. ஒரு பாலத்தின் மேல் ஏறும்போது திடீரென்று பின்னால் எல்லா வண்டிகளும் ஒன்றுசேர்ந்து ஹாரன் அடித்தன. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நம் சனங்களுக்குத்தான் என்ன சந்தோஷம்! நானும் பதிலுக்கு அடித்தேன். கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டி ஆட்டினேன்.

பாலத்துக்குக் கீழே இடப்பக்கம் ஒரு மண்டபம். வாசலில் பெரிய பேனர், ஏகப்பட்ட கூட்டம். ஒரு பெண் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி எங்களைப் பார்த்து ஆட்டினாள்.

"யாரோ பெரிய எடத்து விசேஷம் போல" என்றேன்.

"என்னங்க, அந்தப் பொண்ணு நம்ம செல்வி மாதிரி இல்ல?"

"செல்விக்கு இங்க என்ன வேலை? அவ மண்டபத்துல இருப்பா."

அவளுக்கும் கையை ஆட்டிவிட்டு, வண்டியை ஒரு மிதி மிதித்தேன்.

மண்டபத்துக்கான சர்வீஸ் ரோடு பாலத்துக்கு முன்பே இடப்பக்கம் பிரிந்துவிட்டது. ஹாரன்கள் அதைத்தான் சொல்லியிருக்கின்றன. நான் இன்னும் தூரத்தில்தான் மண்டபம் இருக்கிறது என்று நம்பிக்கையோடு போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ஹாரன் ஓயவேயில்லை. அவ்வப்போது கையை ஆட்டிக்கொண்டேன். கடைசியில் கவிதா மெதுவாகச் சொன்னாள்.

"என்னங்க, கோட்டை தெரியுது."

"எந்தக் கோட்டை?"

"திருமயம் கோட்டைங்க."

திருமயத்துக்கு வந்தவர்கள் அந்தக் கோட்டையை ஆசையாக நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் அதைப் பார்த்ததும் பிரேக்கை மிதித்தேன். டிவைடரில் திறப்பு தேடிப் பிடித்துத் திரும்பி நின்றேன். சித்தப்பா டெம்போவிலிருந்து குதித்து ஓடி வந்தார்.

"ஏம்ப்பா, திருமயம் கோயிலுக்கு எதும் வேண்டுதலா?"

"வழி தப்பிருச்சு சித்தப்பா. ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தா முந்தி வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"முந்தக் கூடாதுன்னியே. போனும் போடக் கூடாதுன்னியே. ஆரன் அடிச்சா நீ டாட்டா காட்டுற. நாங்க என்னதான் செய்யிறது?"

வண்டியில் ஏறினேன்.

திரும்பி வரும்போது தெளிவாக இருந்தேன். அந்தப் பாலம், அந்த மண்டபம். இப்போது அது வலப்பக்கம் இருக்கும். இடப்பக்கம் சர்வீஸ் ரோட்டில் இறங்கிப் பாலத்துக்கு அடியில் புகுந்தால் வாசலிலேயே போய் நிற்கலாம். எல்லாம் சரி. ஆனால் மண்டபம் வலப்பக்கம் என்பதால் வலப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். இடப்பக்கம் இறங்குகிற வழி எப்போது வந்தது, எப்போது போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுபடியும் பாலத்தின் மேல் இருந்தேன். கீழே செல்வி இப்போது கையை ஆட்டவில்லை. இடுப்பில் வைத்திருந்தாள்.

கவிதாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, அண்ணன் எங்கிட்டுப் போகுது? புள்ளைக்கு மொட்டை போட்டாச்சு. ஆசாரி வந்து ஒக்காந்திருக்காரு. பெரியத்தான் வேட்டிய மடிச்சு வச்சுக்கிட்டுப் பலகையில ஒக்காரப் போறாரு!"

"அஞ்சு நிமிஷம்மா!" என்று கத்தினேன். கத்தும்போது திறப்பு ஒன்றையும் தாண்டிவிட்டேன். அடுத்து எங்கேயும் திரும்ப முடியாமல் நேரே திருச்சி ரோடு ரவுண்டானாவுக்கே வந்து சேர்ந்தோம். அங்கே டீக்கடை வாசலில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் நின்றிருந்தார். காலையில் எங்களை வழியனுப்பியவர்.

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? சாப்பாடெல்லாம் எப்புடி?" என்றார்.

ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு மூன்றாவது முறையாகக் கிளம்பினேன். டிரம் செட்டுக்காரர்கள் களைத்துப்போய் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் சீர் கொண்டுபோவது போல இல்லை, கேதத்துக்குப் போவது போல இருந்தது. மணி பத்தைத் தாண்டியிருந்தது. என் தங்கை என்னை நம்பி மாமியார் வீட்டில் வீராப்புப் பேசியிருக்கிறாள். அங்கே எவனோ ஒருவன் மடியை விரித்து வைத்திருக்கிறான். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

பாலம் தெரிந்தது. இந்த முறை இடப்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு தண்ணீர் லாரி என் இடப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வந்தது. அது முன்னால் போகவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. சர்வீஸ் ரோடு லாரிக்கு அந்தப் பக்கம் வந்து, லாரிக்கு அந்தப் பக்கமே போய்விட்டது. இன்னொரு முறை கோட்டையைப் பார்க்கிற தெம்பு எனக்கில்லை. பாலத்தின் இறக்கத்தில் ஓரங்கட்டி நிறுத்தினேன். பின்னால் எல்லா வண்டிகளும் நின்றன.

இறங்கினேன். தடுப்புக் கம்பியைத் தாண்டினேன். "என்னங்க, இருங்க!" என்று கவிதா கத்தியது காதில் விழுந்தது. இருக்கவில்லை. மண்சரிவில் நாலு எட்டுத்தான் காலால் வைத்தேன். மிச்சத்தைப் பட்டு வேட்டியே பார்த்துக்கொண்டது. உட்கார்ந்த வாக்கில் வழுக்கிக்கொண்டு போய் ஒரு சீமைக்கருவேலம் புதருக்குள் இறங்கினேன். பைபாஸில் வழுக்கிக்கொண்டு போயிரலாம் என்று காலையில் சொன்னது நான்தான்.

புதரை விட்டு வெளியே வந்து பார்த்தால், பத்தடி தள்ளி அழகான சிமெண்டுப் படிக்கட்டு. அதில் எங்கள் பெண்கள் தட்டுகளை ஏந்திக்கொண்டு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். டிரம் செட்டும் உயிர் பெற்று அடிக்க ஆரம்பித்தது. கவிதா என்னைத் தாண்டிப் போகும்போது, "அதத்தான் சொல்ல வந்தேன்" என்றாள்.

மாப்பிள்ளையின் அண்ணன் பலகையில் உட்கார்ந்தே விட்டார். என்னைக் கண்டதும் அவராகவே எழுந்துவிட்டார். முகத்தில் மண், தலையில் இலை, கிழிந்த வேட்டி என்று ஓடி வருகிற ஒருவனைப் பார்த்தால் யாரும் எழுந்துதான் போவார்கள். ஓடிய வேகத்தில் பலகையில் தொப்பென்று உட்கார்ந்தேன். செல்வி பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

பிள்ளையின் எடை முழுக்க என் மேல் இறங்கியது. புதரிலிருந்து நான் கொண்டுவந்திருந்த முட்களும் அப்போதுதான் வேலையைக் காட்டின. ஆசாரி இன்னும் பிள்ளையின் காதைத் தொடக்கூட இல்லை. மண்டபம் அதிர ஓர் அலறல் கேட்டது. அலறியது நான். மொட்டைத் தலையோடு பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு கெக்கெக்கே என்று சிரிக்க ஆரம்பித்தது. அந்தச் சிரிப்பிலேயே ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். வீடியோவில் காது குத்துகிற இடமெல்லாம் நான்தான் அழுதுகொண்டிருக்கிறேன்.

போன வருடம் செல்வியின் இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்துப் பத்திரிகை வந்தது. தாய்மாமன் என்று என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'குறிப்பு: தாய்மாமன் வண்டியைப் பின்தொடர்ந்து வர வேண்டாம்' என்றிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. உடனே போன் போட்டேன்.

"என்ன செல்வி இது?"

"பெரியத்தான் வேலைண்ணே. நானும் ரொம்பச் சண்டை போட்டேன்."

"என்னன்னு போட்ட?"

"எல்லா வீட்டுலயும் தாய்மாமன் ஒரு தடவதான் வருவாக, எங்கண்ணன் மூணு தடவ வந்துச்சு, அதையும் சேத்துப் போடுங்கன்னேன். பத்திரிகையில எடமில்லன்னுட்டாக."