முசிறிப் பெரியவருக்கு மருந்து

திருச்சியில் அந்தக் காலத்திலேயே பெரிய பெரிய பட்டத்தோடு போர்டு மாட்டிய டாக்டர்கள் உண்டு. ஆனால் வியாதிக்காரர்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டே குணப்படுத்திய மகான் ஒரே ஒருவர்தான். அவர் டாக்டரே இல்லை என்பது வேறு விஷயம். தெப்பக்குளம் பக்கத்துச் சந்தில் இருந்த டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். பெற்றவர்கள் என்ன பேர் வைத்தார்களோ, ஊருக்கு அவர் குலுக்கல் கம்பவுண்டர்.

அப்போதெல்லாம் நாம்தான் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டு போக வேண்டும். கம்பவுண்டர் அதில் சிவப்புத் தண்ணீரை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று அளவு காட்டக் கத்தரித்த காகிதத்தை ஒட்டி, 'குலுக்கிச் சாப்பிடவும்' என்று எழுதிக் கொடுப்பார். மற்ற கம்பவுண்டர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். நம்மவர் விட மாட்டார்.

"மருந்தைக் குலுக்கறோம், சரி. மனுஷனை யாருங்க குலுக்கறது? ஒரே இடத்துல கிடந்தா எல்லாம் அடியில போய்த் தங்கிடும்ங்க. பேசாம ஒரு நடை பஸ்ல போயிட்டு வாங்க!"

பெரிய கடைவீதி ஜவுளிக்கடை ராவுத்தருக்குப் பத்து வருஷமாக ஏப்பம். அவரைப் பச்சைமலைக்கு அனுப்பினார். அடிவாரம் வரை பஸ், மேலே நடை. மூன்றாம் நாள் ராவுத்தர் தோளில் ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கோடு வந்து நின்றார். "யா அல்லா, அங்கே எனக்கு எப்படிப் பசிச்சிச்சு தெரியுமா கம்பவுண்டர்!" என்று கண் கலங்கினார். தூக்கமே வராத கல்லூரிப் புரொபசர் ஒருவரைத் தஞ்சாவூருக்கு ரயிலில் மூன்றாம் வகுப்பில் போய்வரச் சொன்னார். புரொபசர் கண் விழித்தது மாயவரத்தில்.

சில சமயம் மருந்து அளவு மீறிவிடும். மன்னார்புரத்தில் பெண்டாட்டியோடு தினமும் மல்லுக்கு நின்ற ஒருவருக்கு ராமேஸ்வரம் எழுதிக் கொடுத்தார். போன ஆள் ஒரு மாதமாக வரவில்லை. அந்த அம்மாள் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்று, "எங்கய்யா எம் புருஷன்?" என்று போட்ட சத்தத்தில் நாலு பேருக்குக் காய்ச்சல் விட்டுப்போனது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. குணமாச்சா இல்லையான்னு அவரு வந்தாத்தானே தெரியும்?" என்று சொல்லிவிட்டுக் கம்பவுண்டர் மருந்து அலமாரிக்குப் பின்னால் பதுங்கினார். புருஷன் சங்கு வளையலோடு வந்து சேர்ந்தார். அந்த அம்மாள் அடுத்த வாரம் வந்து, "இனிமே எழுதினா ரெண்டு பேருக்கும் சேத்து எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டு போனாள்.

நானும் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன்தான், என் வீட்டுக்கு வரும் வரை.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் இருந்தோம். நான் அப்போதுதான் ஒரு ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். என் கடைசித் தங்கை கல்யாணமாகிக் கல்கத்தா போனாள். அவளை ரயிலேற்றிவிட்டு வந்த அம்மா, சமையல் செய்கிற தளிகை உள் வாசற்படியில் உட்கார்ந்தவள்தான். பேச்சு நின்றது. சமைப்பாள், பரிமாறுவாள், தான் சாப்பிட மாட்டாள். டாக்டர் வந்து பார்த்து, உடம்பில் ஒன்றுமில்லை என்று டானிக் எழுதினார். மாதம் இரண்டாயிற்று. அம்மா பாதியாகிவிட்டாள். இப்படியே நம் கையை விட்டுப் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

டானிக் வாங்கப் போனபோது கம்பவுண்டர் கேட்டார்.

"அம்மா கடைசியா எப்பங்க பஸ் ஏறினாங்க?"

"தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்க."

"அதுக்கு முந்தி?"

"எங்க சித்தப்பா காலமானப்போ."

"காரணமே இல்லாம எப்பவாச்சும்?"

"காரணமில்லாம யார் சார் பஸ் ஏறுவா?"

"அதாங்க வியாதி. முசிறிக்கு அனுப்புங்க. தனியா."

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "முசிறில யாருக்காவது கல்யாணமா? இல்லே. யாராவது பரமபதிச்சுட்டாளா? அதுவும் இல்லே. அப்புறம் எதுக்குடா போகணும்? பஸ்ல ஒரு பொம்மனாட்டி தனியாப் போனா ஊர்ல என்ன பேசுவா? ஏதாவது உளறிண்டு வராதே!"

கம்பவுண்டரிடம் போய்ச் சொன்னேன், அவர் அசரவில்லை. மறுநாள் சாயங்காலம் ஒரு பாட்டிலோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். முசிறியில் ஒரு பெரியவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாராம். வாழைக்காய் மண்டியில் கொடுத்தால் அவரிடம் சேர்த்துவிடுவார்களாம். தபாலில் அனுப்பினால் பாட்டில் உடைந்துவிடுமாம். ஆம்பிளைகளை நம்பிக் கொடுத்தால் வழியில் மறந்து வைத்துவிடுகிறார்களாம். "அம்மா மாதிரி பொறுப்பானவங்க கையாலதான் போகணும், சாமி. ஒரு உசிரு காரியம்."

உயிர் காரியம் என்றதும் அப்பா இறங்கிவந்தார். அம்மா இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"எத்தனை மணிக்கு பஸ்?"

வாசலில் அவரை மடக்கினேன். "யார் சார் அந்தப் பெரியவர்?"

"அப்படி ஒருத்தரும் இல்லீங்க. பாட்டில்ல இருக்கறது ஓமத்தண்ணி. மண்டிக்காரர் நம்ம சிநேகிதர், வாங்கி வெச்சுப்பாரு. வெளியில மூச்சு விடாதீங்க."

செவ்வாய்க்கிழமை காலை அம்மா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு முசிறி பஸ்ஸில் போனாள். பகல் பன்னிரண்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். இரண்டு மணி ஆயிற்று, காணோம். மூன்று பஸ் வந்தது, மூன்றிலும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் அப்பா என்னைத் திட்டி முடித்துவிட்டு, அங்கே எங்களோடு காத்திருந்த கம்பவுண்டரைப் பிடித்துக்கொண்டார். "அவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சோ, உம்மைச் சும்மா விடமாட்டேன்!" கம்பவுண்டர் முகம் வெளுத்து, வருகிற பஸ்ஸின் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரையே வண்டியேற்றிவிட்ட மனிதர் பஸ்ஸுக்காகக் காத்து நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாலரை மணி பஸ்ஸிலிருந்து அம்மா இறங்கினாள். தலையெல்லாம் புழுதி, கையில் ஒரு சீப்பு பூவன்பழம். இறங்கும்போதே பேச்சு.

"ஏன்னா, அங்கே காவேரி எத்தனை அகலம் தெரியுமோ? நம்ம அம்மாமண்டபத்துல பார்க்கற அதே காவேரிதான், நம்பவே முடியலை! கரையிலே உக்காந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். அப்படி ஒரு பசி!"

அப்பாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "அந்தப் பெரியவர் எப்படி இருக்கார்?" என்றார்.

கம்பவுண்டர் தரையைப் பார்த்தார். அம்மா அவரை ஒரு நிமிஷம் நன்றாகப் பார்த்தாள்.

"பாவம், என்னைக் கண்டதும் எழுந்து உக்காந்துட்டார். ரெண்டு இட்லிகூட சாப்பிட்டார். ஆனா ஒரு பாட்டில் போறாதாம். வாரா வாரம் கொண்டுவரச் சொல்லியிருக்கார்."

"தரேங்கம்மா," என்றார் கம்பவுண்டர்.

ராத்திரி சோறு போடும்போது அம்மா என்னிடம் மட்டும் சொன்னாள்: "மண்டிக்காரர் வெளியூர் போயிட்டாராம். அவர் ஆத்துக்காரி, இங்கே யாரும் படுக்கையில இல்லையேன்னு சொல்லிட்டா. அப்பாகிட்டே வாயைத் திறந்தியோ, உன்னைக் கொன்னுடுவேன்." சொல்லிவிட்டு, தன் தட்டில் இரண்டாம் முறை சாதம் போட்டுக்கொண்டாள்.

அந்த இல்லாத பெரியவர் அதற்கப்புறம் எட்டு வருஷம் படுத்தும் எழுந்தும் காலம் தள்ளினார். அம்மா முசிறியைத் தாண்டி நாமக்கல் வரைக்கும் அவருக்குச் சொந்தக்காரர்களை உண்டாக்கிவிட்டாள். அவர்களுக்கும் அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும்.

ஒருநாள் கம்பவுண்டர் மாரடைப்பில் போய்விட்டார். நான் செய்தியை அம்மா காதில் சொன்னேன். அவள் அப்படியே உட்கார்ந்து விசித்து விசித்து அழுதாள். அப்பா பதறி ஓடி வந்து, "என்னடி, முசிறிப் பெரியவர் போயிட்டாரா?" என்றார். அம்மா அழுதுகொண்டே தலையாட்டினாள். "விடு, நீதான் அவரை இத்தனை வருஷம் காப்பாத்தினே," என்று அப்பா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.