சேஃப்டி அண்ணன் நிறுத்திய ஆட்டம்

சிங்கப்பூரில் மனிதர்களை முகத்தை விட்டுவிட்டு முழங்காலை வைத்து ஞாபகம் வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் சேஃப்டி அண்ணன்தான். கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்த்தார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை.

ஞாயிறு காலையில் ஆங் மோ கியோவில் நாங்கள் எட்டுப் பேர் பூப்பந்து ஆடுவோம். நான் சேர்ந்த முதல் நாளே பத்து நிமிடம் என் கால்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. குதிச்சு இறங்குறப்போ உங்க இடது முட்டி உள்பக்கம் சாயுது லா. டேஞ்சர்." பிறகு என் கணவரைப் பார்த்தார். "சாருக்கு இன்னும் மோசம். கணுக்கால் ரெண்டும் ஆடுது. ஜாகிங் ஷூவோட வந்தா அப்படித்தான்."

மடித்த கை இறங்கியது. அடுத்த வாரம் என் கணவர் புது ஷூவில் வந்தார்.

ஒருமுறை தேக்கா சந்தையில் மீன்கடைக்காரர் கை நழுவிய வஞ்சிரத்தைப் பிடிக்க ஒரு காலை நீட்டிப் பாய்ந்தார். எல்லோரும் மீனைப் பார்த்தோம். அண்ணன் காலைப் பார்த்தார்.

"பாய், குதிகால் முதல்ல. முட்டியும் பாதமும் ஒரே பக்கம் பார்க்கணும். இன்னொரு தரம் பண்ணுங்க."

மீனைக் கையில் வைத்துக்கொண்டே அந்த மனிதர் நான்கு தரம் பாய்ந்து காட்டினார். நான்காவது சரியாக வந்ததும் வரிசையில் நின்ற சீன அம்மாள் ஒருவர் கைதட்டினார்.

இதையெல்லாம் ரசித்த நானே ஒருநாள் அவரைக் கொலைவெறியோடு பார்க்க வேண்டியிருந்தது. வட்டாரப் போட்டி, கலப்பு இரட்டையர், இறுதி ஆட்டம். என் ஜோடி அவர்தான். கடைசி செட்டில் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. நான் களைத்துப்போயிருந்தேன், இறங்கும்போது கால் தள்ளாடியது உண்மைதான். அண்ணன் திடீரென்று கையைத் தூக்கினார்.

"நாங்க விலகிக்கிறோம்."

நடுவர் திகைத்தார். "யாருக்கு அடிபட்டுச்சு?"

"இன்னும் படல. படப்போவுது."

கோப்பை போயிற்று. கூடவே பரிசாக வைத்திருந்த ரைஸ் குக்கரும் போயிற்று. "உங்களுக்குப் பைத்தியமா?" என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டு வெளியே வந்தேன். அதோடு பேச்சை நிறுத்தினேன். குவீன்ஸ்டவுனில் வேறொரு குழுவில் சேர்ந்து, என் முட்டியைப் பற்றி எவரும் வாய் திறக்காத நிம்மதியில் மூன்று வாரம் ஆடினேன்.

மூன்றாவது வாரம், பின்பக்க இடது மூலைக்கு உயரமாக ஒரு பந்து வந்தது. பின்னால் எம்பி, தலைக்கு மேலே வீசி அடித்தேன். இடது கால் மட்டும் தரையைத் தொட்டது. 'டப்' என்று ஒரு சத்தம்.

அந்தப் புள்ளி எங்களுக்குத்தான். நான்தான் எழவில்லை.

முழங்காலின் தசைநார் அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை வேண்டும் என்றார் மருத்துவர். என் கணவர் சொல்லித் தெரிந்து, மறுநாள் அண்ணன் மருத்துவமனைக்கு வந்தார். நான் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டேன்.

"சொல்லுங்கண்ணே. 'அப்பவே சொன்னேன்'னு சொல்லிடுங்க."

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவருடைய வேலையிடத்து விபத்து அறிக்கைப் படிவம். இடம், நேரம், அடிபட்ட உறுப்பு எல்லாம் தமிழில் நிரப்பியிருந்தார். 'காரணம்' என்ற கட்டத்தில் என் பிடிவாதம் இருக்கும் என்று நினைத்தேன். அவர் எழுதியிருந்தது இது: 'எச்சரித்தவர், எல்லார் முன்னாலும் ஆட்டத்தை நிறுத்தி டீச்சரை அவமானப்படுத்திவிட்டார். டீ வாங்கிக் கொடுத்துப் பொறுமையாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்.'

"இது உங்க தப்பு இல்லண்ணே," என்றேன்.

"விசாரணை முடிஞ்சிருச்சு டீச்சர். கையெழுத்துப் போடுங்க."

போட்டேன்.

அதன்பின் ஏறக்குறைய ஒரு வருடம், வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்தார். பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சியை நான் தனியாகச் செய்தால் சோம்பல் வருமாம். வரவேற்பறையில் நான், அண்ணன், கணுக்கால் ஆடும் என் கணவர், மூவரும் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நிற்போம். பெரும்பாலும் முதலில் விழுந்தவர் அண்ணன்தான்.

ஆடலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, முதல் ஆட்டத்தில் இருவரும் மறுபடி ஜோடி சேர்ந்தோம். ஆறு புள்ளிதான் எடுத்தோம். எனக்கு வந்த பந்தையெல்லாம் அவரே குறுக்கே ஓடி ஓடி அடித்து, பாதியை வலையில் போட்டார். என்னையும் ஆட விடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பின்னாடி மூலை ரெண்டும் என்னோடது டீச்சர்," என்றார், மூச்சு இரைக்க. "நீங்க அங்க வராதீங்க."

"சரிண்ணே," என்று சொல்லி, வலையோரமாகவே நின்றுகொண்டேன்.