எழுத்தண்ணை தன் பேரனுக்குச் சொன்ன பெயர்

"பிள்ளை பிறந்திட்டுது. பெடியன். பேர் நேசன். ஒருதரும் மண்டையைப் போட்டு உடைக்க வேண்டாம்."

சென்ற நவம்பர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை என் கைபேசிக்கு வந்த செய்தி இது. அனுப்பியவர் எழுத்தண்ணை.

பாரிஸில் லா சப்பல் பக்கம் ஓடித்திரியும் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேரின் பெயருக்கு எழுத்தண்ணைதான் பொறுப்பு. மீதிப் பேரின் பெற்றோர், அவர் கண்ணில் படாமல் வேறு தெருவால் சுற்றிப் போனவர்கள். ரூ பஜோல் தெருப் பக்கத்து மரக்கறிக் கடையில் அவருக்கு வேலை. வெண்டிக்காய் வாங்க வரும் கர்ப்பிணிகள் வெண்டிக்காயோடு அரை டசின் பெயர்களும் கொண்டு திரும்புவார்கள். பிள்ளையின் நட்சத்திரத்துக்குரிய எழுத்தில்தான் பெயர் தொடங்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

ஒருமுறை பிரசவ அறைக்கே தொலைபேசி எடுத்தார். "தம்பி, தலை வந்த நேரமோ, முழுப் பிள்ளையும் வந்த நேரமோ? அதை முதலிலை சொல்லும்." தம்பி அப்போது மயங்கிக் கிடந்தார். தாதிதான் பிரெஞ்சில் நேரத்தைச் சொன்னாள். அண்ணை "மெர்சி" சொல்லிவிட்டு அந்தப் பிள்ளைக்கு 'ஞ' கொடுத்தார்.

அந்தப் பிள்ளை வளர்ந்து ஒருநாள் கடைக்கு வந்தது.

"எழுத்து மாமா, உங்களாலை ரீச்சர் என்ரை பேரை வாசிக்க முதல் தண்ணி குடிக்கிறா!"

"தண்ணி உடம்புக்கு நல்லம், பிள்ளை."

இப்படிப்பட்டவர் சொந்தப் பேரனுக்குச் சொன்ன பெயரைப் பார்த்ததும் நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். அன்றைய நட்சத்திரத்துக்கு 'நே' வரவே வராது.

அவருடைய மகள் வதனி கட்டியிருப்பது தானியல் என்ற யூதப் பெடியனை. தானியலின் தாய் போலந்திலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர். தகப்பன் வட ஆபிரிக்காவின் தூனிஸில் பிறந்த யூதர். பிரான்சில் பிள்ளை பிறந்து ஐந்து நாட்களுக்குள் நகரசபையில் பெயர் பதியவேண்டும். அதற்குள் வந்த கடைசி வேலைநாளான வெள்ளிக்கிழமை நானும் அண்ணையும், பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் சரக்குக்கறிச் சட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரயிலில் பக்கத்து ஆசனக்காரர் மிளகு வாசத்துக்கு இரண்டு தடவை இடம் மாறினார்.

அறையில் எல்லோரும் இருந்தார்கள். தானியலின் தாய் கேட்டதை வதனி தமிழில் சொன்னாள்.

"நேசன் ஆரெண்டு கேக்கிறா, அப்பா."

"என்ரை தம்பி."

"உயிரோடை இருக்கிறாரோ எண்டு கேக்கிறா."

"ஓம். பின்னை?"

அந்த அம்மா குழந்தையின் தலையில் கையை வைத்து மறைத்துக்கொண்டார். போலந்து யூதர்களான அவர்கள் வழக்கத்தில் இறந்துபோன உறவினரின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள். உயிரோடு இருப்பவரின் பெயரை வைத்தால், அவரைத் தேடி வரும் மரண தூதன் ஆள்மாறிப் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவான் என்று பயம். "அழகான பெயர்தான். ஆனால் முடியாது" என்றார்.

வதனி குரலைத் தணித்தாள். "அப்பா, சித்தப்பா சண்டைக்குள்ளை காணாமல் போய் எத்தினை வருசம்? செத்திட்டாரெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. இப்பவே வைச்சிடலாம்."

"ஒருதரும் வந்து அப்பிடிச் சொல்லேல்லையே."

"ஒரு சொல்லுத்தானே, அப்பா."

"ஒரு பேருக்காக அவனைச் சாகக் குடுக்கேலாது. வேறை பேர் வையுங்கோ."

வாழ்நாளில் முதல் தடவையாக எழுத்தண்ணை "வேறை பேர்" என்றார். ஆனால் வேறு பெயர் ஒன்றும் அவர் வாயில் வரவில்லை. தானியல் பாவம், கைபேசியில் பெயர்களைத் தேடி ஒவ்வொன்றாக வாசித்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை; வதனி தன் மாமன் மாமிக்குச் சித்தப்பா காணாமல் போன கதையைப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தூனிஸ்காரர் இதற்குள் சரக்குக்கறியில் பாதியை முடித்திருந்தார். மிளகு உறைப்பில் கண்ணால் நீர் வடிந்தது. துடைத்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னார்:

"எங்கள் தூனிஸ் பக்கத்தில் உயிரோடு இருப்பவரின் பெயரை வைப்பது அவருக்கு மரியாதை. என் பெயரே என் தாத்தாவுடையது. அவர்தான் என் தொட்டிலை ஆட்டினார். இந்தத் தம்பி இருக்கிறார் என்றால் இது என் வழக்கம். இல்லை என்றால் என் மனைவியின் வழக்கம். பிள்ளைக்கு இரண்டு பக்கமும் சொந்தம்தானே? நகரசபையை நாலரைக்குப் பூட்டிவிடுவார்கள்."

வதனி அதை மொழிபெயர்த்து முடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. இடையில் இரண்டு தடவை மூக்கைச் சிந்தினாள்.

தானியலின் தாய் யோசித்தார். பிறகு கையை எடுத்தார். "அவர் நல்ல மனிதரா?" என்று மட்டும் கேட்டார்.

"சைக்கிளைக் குடுத்தால் திருப்பித் தரமாட்டான்" என்றார் அண்ணை. "மற்றும்படி தங்கம்."

வதனி சொன்னதும் அந்த அம்மா சிரித்துவிட்டார். "அப்படியென்றால் குடும்பத்து ஆள்தான்."

தானியல் மேல்கோட்டைக்கூட எடுக்காமல் நகரசபைக்கு ஓடினான்.

நேசன் என்பவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்பதை இதை எழுதும்வரை யாராலும் உறுதிப்படுத்த முடியவில்லை. நானும் இங்கே 'தெரியாது' என்றே குறிக்கிறேன். ஆனால் சனிக்கிழமைகளில் வதனி தள்ளுவண்டியோடு கடைக்கு வரும்போது, எழுத்தண்ணை வாடிக்கையாளரை அப்படியே நிற்கவைத்துவிட்டு, "நேசன், இஞ்சை பார் ராசா" என்று கூப்பிடுகிறார். இப்போதெல்லாம் அவர் கூப்பிட்டால் ஒரு முகம் திரும்பிப் பார்க்கிறது.