மூன்றாம் முத்திரை

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று சூரியோதயம் முதல் வாய்மைபுர நாட்டில் பொய் ஒழிக்கப்பட்டுவிட்டது. மீறி எங்கேனும் ஒரு பொய் தென்பட்டால், அதைச் சொன்னவர் ஒழிக்கப்படுவார்.

இந்த அறிவிப்புக்கு முந்தைய வாரம்தான் நாட்டின் கிணறுகள் யாவும் இனிப்பானவை என்று மன்னர் பிரகடனம் செய்திருந்தார். அறிவிப்பு வந்த அன்றே வண்டிக்காரன் இருளப்பன் ஒரு வாளி இறைத்து, ஒரு வாய் குடித்து, "உப்புக் கரிக்குது" என்றான். தண்ணீரை யாரும் சோதிக்கவில்லை. அவனைச் சிறையில் போட்டார்கள். குடிக்கும்போது முகம் சுளிப்பதும் பொய்யே என்று மறுநாள் ஒரு சட்டம் வந்தது. சனங்கள் சிரித்துக்கொண்டே குடிக்கப் பழகினார்கள்.

அவன் பெண்டாட்டி காசாம்பு விதிகளை விசாரித்தாள். கைதியின் உறவினர் ஒரே ஒரு வாக்கியத்தில் மனுப் போடலாம். 'மெய்' முத்திரை விழுந்தால் கைதிக்கு விடுதலை. 'பொய்' விழுந்தால் மனுப் போட்டவரும் உள்ளே. அதிகாரி முத்திரையை மாற்றிக் குத்தினால் அதிகாரி உள்ளே. பொழுது சாய்வதற்குள் எதுவுமே குத்தாவிட்டாலும் கைதியை விட்டுவிட வேண்டும்.

மூன்று நாள் வரிசையில் நின்று பார்த்தாள். புருஷன் நல்லவன், பிள்ளைகள் பட்டினி என்று விதவிதமாக எழுதிக்கொண்டு போனார்கள். முத்திரை அதிகாரி பரஞ்சோதியார் மனுவைப் பிரிக்கும் முன்பே பொய் முத்திரையைக் கையில் எடுத்துவிடுவார். நாலாம் நாள், தான் கண்ணால் கண்டதையே அவள் எழுதிக் கொடுத்தாள்: "இந்த மனுவில் பொய் முத்திரைதான் விழும்."

பரஞ்சோதியார் வழக்கப்படி முத்திரையை ஓங்கினார். கை பாதியில் நின்றது. பொய் என்று குத்தினால் அவள் சொன்னபடியே நடந்துவிடும். அப்போது மனு மெய், அவர் உள்ளே. மெய் என்று குத்தினால் அவள் சொன்னது நடக்கவில்லை. மனு பொய், அப்போதும் அவரே உள்ளே.

"அம்மணி, யார் எழுதிக் கொடுத்தது இது?"

"நானேதாங்க. எனக்கென்ன தெரியும், எது சரியோ அதைக் குத்துங்க."

மதியம் மந்திரிசபை கூடியது. தலைமை மந்திரி நெடுநேரம் கண்மூடியிருந்துவிட்டு, இது அயல்நாட்டுச் சதி என்றார். சதியென்றாலும் பொழுது சாய்ந்துகொண்டுதான் இருந்தது. கடைசியில் முத்திரை செதுக்குகிற ஆசாரியைப் பல்லக்கில் தூக்கி வந்தார்கள்.

மேற்கே வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருக்கையில், உலகிலேயே முதன்முறையாக, மூன்றாவது முத்திரை ஒன்று காசாம்புவின் மனுவில் விழுந்தது: 'பரிசீலனையில் உள்ளது'.

"அப்போ அவரை விடுவீங்களா, மாட்டீங்களா?"

"பரிசீலனையில் இருக்கும்போது எப்படியம்மா விட முடியும்?"

"பரிசீலனையிலே இருக்கும்போது எப்படிய்யா உள்ளே வெச்சிருப்பீங்க?"

"நல்ல கேள்வி," என்றார் பரஞ்சோதியார். அதை அக்கறையாக ஒரு தாளில் எழுதி, அதிலும் மூன்றாம் முத்திரையைக் குத்தினார்.

அந்த முத்திரை இப்போது எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறது. இருளப்பன் சிறையில் இருக்கிறான்.