கொடி தின்ற மாடு

கொடியைக் கொன்றுவிடுவது என்று இன்னாசித்தம்பி தீர்மானித்தது ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில்.

கடைசி ஓவர். பந்து வீச்சாளர் ஓடி வந்தார், கையைச் சுழற்றினார், அப்படியே சதுரம் சதுரமாக உடைந்து ரிவியில் உறைந்து போனார். வேலிக்கு அப்பால் கொலின்ஸ் வீட்டில் "ஐயோ!" என்று ஒரு சத்தம். அது வென்ற ஐயோவா, தோற்ற ஐயோவா? வெளியே ஓடிப்போய் நிமிர்ந்து பார்த்தார். கூரையில் இருந்த டிஷ் அன்ரனாவை ரங்கூன் மல்லிகை கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தது.

அது அவருடைய மனைவி றோஸ்மேரியின் கொடி. வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்த வருசம் அவா வாசலில் ஊன்றியது ஒரு சாண் தடி. அது வாசற்படலைப் பந்தலைப் பிடித்து, பிறகு கூரையைப் பிடித்து, இப்போது கிரிக்கெட்டையும் பிடித்துவிட்டது. அதன் பூ பின்னேரம் வெள்ளையாக விரியும், விடிய ரோசாவாகும், அடுத்த நாள் சிவந்துபோகும். அந்த வீட்டில் நிறம் மாறாமல் இருந்தது றோஸ்மேரியின் சொல் ஒன்றுதான்.

"மேரி, இந்தக் கொடியைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் என்ன?"

குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. அது நின்றால் இன்னாசித்தம்பியின் மூச்சும் கூடவே நிற்கும்.

"வெட்டுறதோ? ஒக்ரோபரில, செபமாலை மாதத்தில, வீடு வீடா வாற மாதா சுருவம் எங்கட வீட்டுக்கும் வருது. பூப்பந்தலுக்குக் கீழாலதான் மாதா உள்ள வரவேணும். ஒரு இலையில கை வைச்சுப் பாருங்கோ!"

"சும்மா கேட்டனான்."

"சும்மா கேட்ட வாய்க்குத்தான் நான் சோறு போடுறனான். அது நினைவிருக்கட்டும்."

முந்தி இதே றோஸ்மேரிதான் கொடியைக் கழித்துவிடச் சொல்லிச் சொல்லிக் களைத்தவா. அப்போது இன்னாசித்தம்பிக்கு முள் குத்தும், ஏணி ஆடும், முதுகு பிடிக்கும். இப்போது ஒரு இலையையும் தொடாதேங்கோ என்கிறா. கை தானாகவே கொடுவாக்கத்தியைத் தேடத் தொடங்கியது.

ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை வாய்ப்பு வந்தது.

"செட்டிகுளத்துக்குத் தங்கச்சியைப் பாக்கப் போறன். பின்னேரம்தான் வருவன். கொடி கவனம்."

கைப்பையோடு அவா ஒழுங்கை முடக்கால் திரும்பும்வரை இன்னாசித்தம்பி படலையில் நின்று கை காட்டினார். அந்தக் கையிலேயே பிறகு கத்தி இருந்தது.

டிஷ்ஷைச் சுற்றிப் பிடித்த கொப்பை மட்டும் எடுப்பது, அவ்வளவுதான் திட்டம். ஆனால் ஒரு கொப்பை இழுத்தால் பத்துக் கொப்பு கூடவே வந்தது. பத்தை வெட்டினால் பந்தல் ஒரு பக்கம் சரிந்தது. சரிந்ததைச் சமப்படுத்த மற்றப் பக்கமும் வெட்டினார். மத்தியானம் ஏணியால் இறங்கி நிமிர்ந்து பார்த்தபோது டிஷ் வானத்தைப் பார்த்துச் சிரித்தது. பந்தலில் கொடி இல்லை. மண்ணில் முழங்கால் உயரத்துக்கு நாலு கட்டைகள் நின்றன.

மாதா வருவா. மொட்டைப் பந்தலுக்குக் கீழால் வருவா. அதற்குப் பிறகு இந்த வீட்டில் தனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கிடைக்குமா?

யோசித்தார். வன்னியில் எந்தக் குற்றத்துக்கும் ஒரு ஆள் எப்போதும் தயாராக நிற்கும். கட்டாமல் அலைகிற கட்டாக்காலி மாடு!

வெட்டிய கொப்புகள் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டுபோய் பனங்கூடலுக்குள் எறிந்தார். படலையைத் திறந்துவிட்டார். ஒழுங்கையில் கிடந்த சாணியை மண்வெட்டியால் அள்ளி, ஒரு கலைஞனின் கவனத்தோடு கட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

றோஸ்மேரி வந்தா. பார்த்தா. கைப்பையை மெல்லக் கீழே வைத்தா.

"ஆர்?"

"மாடு."

"மாடு, கூரைக்கு மேலயும் ஏறினதோ?"

"ஏறேல்லை. கீழ நிண்டு இழுத்தது. கொடிதானே, எல்லாம் கூடவே வந்திட்டுது."

"உங்கட கையில என்ன கீறல்?"

"கலைக்கப் போனனான். கொம்பால குத்திப்போட்டுது."

"பத்துப் பன்னிரண்டு கொம்போ?"

"அது... தலையை ஆட்டி ஆட்டிக் குத்தினது."

அவா அவரை நீண்ட நேரம் பார்த்தா. அவர் சாணியைப் பார்த்தார். பிறகு அவா உள்ளே போய் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துக்கொண்டு வந்து கீறல்களில் பூசினா. "பாவம், நல்லா நொந்திருக்கும்," என்றா. இன்னாசித்தம்பிக்கு அதுதான் பயமாக இருந்தது. ஏச்சு வந்திருந்தால் தாங்கியிருப்பார். இது எங்கே கொண்டுபோய் விடும்?

திடீரென்று அவா வேலிப்பக்கம் திரும்பினா. "தம்பி கொலின்ஸ்! இண்டைக்கு எங்கட வளவுக்குள்ள மாடு வந்ததைக் கண்டனீரோ?"

வேலிக்கு மேலால் கொலின்ஸின் தலை எழும்பியது. இன்னாசித்தம்பி அவனைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார்.

"கண்டனான் அக்கா. வயசான மாடு. நெத்தியில கொஞ்சம் வழுக்கை."

இன்னாசித்தம்பியின் கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போனது. ஆனால் நெஞ்சு குளிர்ந்தது. ஆம்பிளைக்கு ஆம்பிளைதான் துணை. கொலின்ஸ் காப்பாற்றிவிட்டான்!

அன்று தொடங்கியது அவருடைய தண்டனை. ஒருவரும் விதிக்காத தண்டனை.

"வேலி பொட்டும் ஓட்டையுமாய்க் கிடந்தால் மாடு வரும்தானே," என்று றோஸ்மேரி பெருமூச்சு விட்டா. அடுத்த நாள் இன்னாசித்தம்பி வேலி அடைத்தார். "வேர் சாகேல்லையெண்டால், தண்ணி விட்டால் தளிர்க்குமோ தெரியாது," என்றா. அந்த வெயிலில், அடியில் கிடந்த கிணற்றுத் தண்ணியை அள்ளி அள்ளிச் சுமந்தார். "மாடு திண்டதுக்கு மாடே ஏதும் தரவேணும்," என்றா. ஓலைக் கடகத்தோடு ஒழுங்கை ஒழுங்கையாகச் சாணி பொறுக்கினார். உக்கிய பந்தல் தடிகளைக் கழற்றி இரும்புப் பைப் நட்டார். களப்பில் மீன் பிடித்துவிட்டு வந்தால் மீன் கழுவிய தண்ணியையும் நேரே கட்டைகளுக்குத்தான் கொண்டுபோனார். கிரிக்கெட் படம் இப்போது கண்ணாடி மாதிரித் தெரிந்தது. பார்க்கத்தான் அவருக்கு நேரமில்லை.

கட்டைகள் அசையவில்லை. விடிய எழும்பினால் நெற்றியில் குருசு போடுவதற்கு முன்னால் கட்டையைத்தான் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

ஒரு காலை, ஒரு கட்டையின் கணுவில் செம்பு நிறத்தில் ஒரு துளி.

"மேரி! தளிர்!"

பிள்ளை பிறந்த நேரத்திலும் அவர் அப்படிக் கத்தியதில்லை.

தளிர் கொடியாகி பைப்பைப் பிடித்தது. கொடி பந்தலைப் பிடித்தது. ஒக்ரோபரும் வந்துவிட்டது. மாதா வருகிற நாள் காலையிலும் பந்தல் முழுக்கப் பச்சைதான், கொத்துக் கொத்தாக மூடிய மொட்டு.

"பூக்காட்டி என்ன செய்யிறது, மேரி?"

"மாதா கேட்டால் மாட்டின்ர கதையைச் சொல்லுங்கோ."

மத்தியானச் சோற்றை விட்டுவிட்டு அவர் மொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்தது. கொலின்ஸ் வீட்டிலிருந்து செபமாலை சொல்லிக்கொண்டு சனம் புறப்பட்டது. இன்னாசித்தம்பி வெள்ளை வேட்டியோடு வாசலில் நின்று மேலே பார்த்தார். ஒன்று விரிந்தது. பிறகு ஒரு கொத்து. மெழுகுதிரி வெளிச்சம் ஒழுங்கை முடக்கால் திரும்பியபோது பந்தல் முழுக்க வெள்ளை, வாசம் படலைக்கு வெளியிலும் போனது. "இது என்ன பூவப்பா!" என்று சனம் அண்ணாந்தது.

சுருவத்தைக் கையில் ஏந்தி வந்த கொலின்ஸ் பந்தலுக்குக் கீழே வந்து நீட்டினான். வீட்டுக்காரர்தான் வாங்கவேண்டும். இன்னாசித்தம்பியின் கை எழும்பவில்லை. மாதாவின் முகம் நேரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வாங்குங்கோவன்," என்று சனம் தொடங்கிய மாதா பாட்டுக்கு நடுவில் றோஸ்மேரி முணுமுணுத்தா.

"மேரி, ஒரு கதை."

"இப்பவோ?"

"மாடு வரேல்லை."

"எந்த மாடு?"

"கொடியைத் திண்ட மாடு. நான்தான் அந்த மாடு."

றோஸ்மேரி பாட்டின் ஒரு அடியை முழுதாகப் பாடி முடித்தா. பிறகு, "தெரியும்," என்றா.

"கொலின்ஸ் சொல்லிப்போட்டானோ?"

"அவன் ஏன் சொல்லவேணும்? செட்டிகுளத்துக்கு ஆர் போனது? கொலின்ஸ் வீட்டுக் குசினி யன்னலடியில கதிரை போட்டுத் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பாத்தனான். கழிச்சுவிட்டால்தானே புதுக்கொப்பில பூக்கும்? வெட்டுங்கோ எண்டு மூண்டு வருசம் கெஞ்சினன், நீங்கள் அசையேல்லை. வெட்டாதேங்கோ எண்டு ஒருக்காச் சொன்னன்."

"அண்ணை," என்றான் கொலின்ஸ், "மாதா பாரம்."

இன்னாசித்தம்பி இரண்டு கையாலும் சுருவத்தை வாங்கினார்.

"அப்ப உனக்குக் கோவமில்லையோ?"

றோஸ்மேரி அண்ணாந்து பந்தலைப் பார்த்தா. ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம்வரை, நிதானமாகப் பார்த்தா.

"அந்த வலப்பக்கக் கட்டையை மட்டும் இன்னும் ஒரு சாண் கீழ வெட்டியிருக்கலாம்."