விமானம் வைத்திருக்கும் குடும்பம்

வீடில்லாத ஒருவருக்கு வீடு கொடுப்பதென்றால், வீட்டைத் தவிர அவரிடம் வேறென்ன இருக்கிறது என்று முதலில் கண்டறிய வேண்டும் என்பது நிர்வாகத்தின் நெடுநாள் கொள்கை. கொள்கையில் பிழை சொல்ல முடியாது. அக்கராயன் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டிலில் பதினைந்து வருடமாகத் 'தற்காலிகமாக' வாழ்ந்துவரும் சுகிர்தன் குடும்பத்தின் முறை வந்தபோதும் இந்தக் கொள்கைதான் கடைப்பிடிக்கப்பட்டது.

விபரம் திரட்ட வெளிக்கள அலுவலர் பிரஷாந்தினி ஒரு டெப் கைக்கணினியுடன் வந்தாள். அந்த வருடம் காகிதமில்லா அலுவலகம் என்பது பெரிய நாகரிகமாக இருந்தது. ஆகவே குடும்பங்கள் ஒவ்வொரு பத்திரத்துக்கும் மூன்று போட்டோக் கொப்பி எடுத்து வைத்திருக்க வேண்டும். அவள் அவற்றைப் படம் பிடிப்பாள்.

சுகிர்தன் ரேடியோ, போன் திருத்துகிறவன். கழித்துவிட்ட பழைய கணினிகளின் உறுப்புகளைப் பொறுக்கி ஒரு கணினி செய்து வைத்திருந்தான். அதில் இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சண்டை விமானங்களை ஓட்டுவது அவனுடைய பைத்தியம். எண்பது வருடத்துக்கு முந்திய விமானத்தின் ஆணி எத்தனை என்று கேட்டால் சொல்லுவான். தன் கூரையில் ஓட்டை எத்தனை என்று கேட்டால் மனைவி தேனுகாவைப் பார்ப்பான். இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற கிழவர்கள் சிலர் நடத்தும் இணையச் சங்கம் ஒன்று, ஸ்பிற்ஃபயர் விமானத்தை ஆயிரம் மணித்தியாலம் செலுத்திய விமானி என்று அவனுக்கு ஒரு சான்றிதழ் அனுப்பியிருந்தது. கைகழுவும் தினத்தில் கலந்துகொண்டதற்கே சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டும் காலம் இது. அவனும் மாட்டினான். கொட்டிலில் ஒழுக்கு இல்லாத ஒரே சுவர் அதுதான். அந்த இடத்தில் அரிசி மூட்டையை வைக்க வேண்டும் என்று தேனுகா எத்தனையோ முறை கேட்டுவிட்டாள்.

"வாகனம் ஏதும் இருக்கோ அண்ணை?" என்று கேட்டாள் பிரஷாந்தினி.

"சைக்கிள் ஒண்டு."

"அப்ப சுவரிலை உது என்ன? விமானி எண்டு கிடக்கு?"

"உது சும்மா, தங்கச்சி. கொம்பியூட்டரிலை ஓட்டுறது."

"ஓட்டுறதுதானே?"

"ஓட்டுறதுதான். ஆனா..."

அதற்குள் அவள் படம் பிடித்துவிட்டாள். 'வேறு வாகனம்' என்ற கட்டத்தில் 'விமானம்' என்றும், எண்ணிக்கையில் 'ஒன்று' என்றும் பதிந்தாள். சுகிர்தன் விளங்கப்படுத்தியபோது அந்தப் பிள்ளைக்கு நன்றாகவே விளங்கியது. ஆனால் அழிக்க முடியவில்லை.

"டெப் பின்னாலை போகாது அண்ணை," என்றாள் மெய்யான கவலையோடு. "முன்னுக்குத்தான் போகும்."

அது முன்னுக்குப் போனது. அடுத்த மாதம் ஒட்டப்பட்ட பெயர்ப்பட்டியலில் சுகிர்தனின் பெயர் வெட்டப்பட்டு, பக்கத்தில் காரணமும் எழுதப்பட்டிருந்தது: விமானம் வைத்திருக்கும் குடும்பம்.

"மாரி வருது," என்றாள் தேனுகா. "இந்த முறையும் பிள்ளையளை மேசைக்குக் கீழை படுக்க வைக்க என்னாலை ஏலாது. என்னெண்டாலும் செய்யுங்கோ, பேரைத் திரும்பப் போடுவிச்சுக்கொண்டு வாங்கோ."

அலுவலகத்தில் இதற்குப் பொறுப்பானவர் பத்மாசனி என்ற மேடம். நேர்மையானவர். ஒரு கோப்பையும் வாசிக்காமல் கையெழுத்து வைக்கமாட்டார். அதனால் பல கோப்புகளில் கையெழுத்தே இல்லை.

"மேடம், அது இல்லாத விமானம்."

"இல்லாத விமானத்துக்கு எப்பிடித் தம்பி சான்றிதழ் தந்தவை?"

"அது விளையாட்டுச் சான்றிதழ்."

"வித்திட்டீங்களெண்டால் வித்த கடிதம் கொண்டாங்கோ. விழுந்து நொருங்கினதெண்டால் பொலிஸ் முறைப்பாட்டுக் கொப்பி கொண்டாங்கோ. நான் உடனை பேரைப் போடுறன்."

"விழுந்ததுதான் மேடம். போன கிழமை மட்டும் நாலு தரம் விழுந்தது."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோப்பில் எழுதினார்: நான்கு விபத்துகளின் பின்னரும் மேற்படி விமானம் பாவனைக்கு உகந்த நிலையில் உள்ளது. நேரில் பார்வையிடக் குழு ஒன்று நியமிக்கப்படலாம்.

குழு ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. பத்மாசனி மேடம், ஊர் அலுவலரான விதானையார் வீரகத்தி, அளவெடுப்பதற்குத் தொழில்நுட்ப அலுவலர் மஹ்றூப் என்று மூன்று பேர். தேனுகா அயலட்டையில் கதிரை இரவல் வாங்கிப் போட்டு, தேத்தண்ணி கொடுத்தாள். மஹ்றூப் மேசையை அளந்தார்.

"மூண்டரை அடிக்கு ரெண்டு அடி, மேடம். இதுக்குள்ளை விமானம் நிக்காது."

"ஓம் சேர்," என்றான் சுகிர்தன். அத்தோடு நிறுத்தியிருந்தால் வீடு கிடைத்திருக்கும். ஆனால் ஒருவர் வந்து விமானத்தைப் பற்றிக் கேட்பது அவனுடைய வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "ஸ்பிற்ஃபயரின்ரை செட்டை மட்டும் முப்பத்தேழு அடி. பன்ரெண்டு சிலிண்டர் எஞ்சின். சுடுறதுக்கு எட்டுத் துவக்கு."

"துவக்கும் இருக்கோ?" மேடம் பேனையை எடுத்தார்.

தேனுகா அவனுடைய முதுகில் நுள்ளிய நுள்ளில் அவன் கணினியைப் போட்டுக் காட்டினான். திரையில் பச்சை வயல்களுக்கு மேல் ஸ்பிற்ஃபயர் பறந்தது. கொஞ்ச நேரத்தில் குழு தேத்தண்ணியையும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"தம்பி," என்றார் விதானையார், "பிளேன் சத்தம் கேட்டால் ஓடின சனம் நாங்கள். உனக்கு உதிலை என்ன ஆசை?"

"இது எங்களுக்கு மேலாலை வராத பிளேன், ஐயா. இதோடை எனக்குக் கோவமில்லை. மேலை இருந்து பாத்தால் கீழை எப்பிடித் தெரியும் எண்டு பாக்கத்தான் துவங்கினனான்."

"எப்பிடித் தெரியுது?"

"வயல் தெரியும், றோட்டுத் தெரியும், கூரை தெரியும். ஆக்களைத் தெரியாது, ஐயா."

"இது அறிக்கைக்குத் தேவையில்லை," என்றார் மேடம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"மேடம், இது படம். வேறொண்டுமில்லை," என்றார் மஹ்றூப். விதானையாரும் தலையாட்டினார். மேடம் கோப்பைத் திறந்து, 'விமானம் இல்லை' என்று எழுதி, கையெழுத்து வைக்கப் பேனையைக் கொண்டுபோனார். அப்போதுதான் மேடத்தின் நேர்மை குறுக்கே வந்தது.

"உதிலை ஒரு பட்டியல் கிடக்குதே. மிச்சமும் விமானம்தானோ?"

"அதுகள் ஜெற், மேடம். நான் ஒரு நாளும் திறக்கிறேல்லை."

"முழு இருப்பையும் பாக்காமல் நான் கையெழுத்து வைக்கிறேல்லை. திறவுங்கோ."

அவன் திறந்தான். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தூரத்தில் ஒரு கிழியும் சத்தம். தகரக் கூரை அதை வாங்கி இரண்டு மடங்காகத் திருப்பித் தந்தது.

"கிபிர்!" என்று யாரோ கத்தினார்கள். போர்க்காலத்தில் இந்தச் சனத்துக்கு மேலால் வந்து குண்டு போட்ட ஜெற்றின் பெயர் அது.

பத்மாசனி மேடம் மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தார். இரண்டு கையும் காதில், வாய் திறந்தபடி. முழங்கால் வருத்தத்துக்கு வைத்தியக் கடிதம் கொடுத்து, மாடிப்படி ஏறுவதிலிருந்து விலக்குப் பெற்றிருந்த வீரகத்தி விதானையார் கட்டிலுக்குக் கீழே இருந்தார். தேனுகா நிலத்தில் கிடந்தாள். ஒழுங்கையில் தபால்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் படுத்திருந்தார். அயல் வீட்டுச் சனமெல்லாம் அவரவர் நின்ற இடத்தில் படுத்தது. கணினியை இயக்கிய சுகிர்தனும் கதிரைக்குப் பின்னால் மண்ணோடு மண்ணாகக் கிடந்தான்.

மஹ்றூப் மட்டும் அளவு நாடாவோடு நின்றார். தொண்ணூறாம் ஆண்டில் முல்லைத்தீவை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனத்தில் அவரும் ஒருவர். புத்தளத்தில் அகதிக் கொட்டிலில் வளர்ந்து திரும்பி வந்தவர். அவர் பட்டது வேறு. இந்தச் சத்தம் அதில் இல்லை. அவர் போய் ஸ்பீக்கரை நிறுத்தினார்.

"என்ன மேடம், என்ன நடந்தது?"

எல்லாரும் எழும்பினார்கள். மேடம் சேலையில் மண்ணைத் தட்டினார். சிரித்திருக்க வேண்டிய இடம். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை.

மேடம் கதிரையில் நிமிர்ந்து இருந்து, எழுதியதை ஒரே கோட்டில் வெட்டினார்.

"விமானம் இல்லையெண்டால், அரசாங்க உத்தியோகத்தர் ரெண்டு பேர் கடமை நேரத்திலை ஒண்டுமில்லாததுக்குக் குப்புறப் படுத்தவை எண்டு ஆகும். அப்பிடி எழுத ஏலாது."

"ஏலாதுதான்," என்றார் விதானையார்.

"ஆனபடியால் விமானம் இருக்கு."

"நான் நிண்டனான்தானே மேடம்? ஒண்டும் வரேல்லையே," என்றார் மஹ்றூப்.

"உங்களுக்கு இதிலை அனுபவம் காணாது." மேடம் அதையும் எழுதிக்கொண்டார்.

சாட்சி தேவைப்பட்டது. ஒழுங்கைச் சனத்தைக் கூப்பிட்டார்கள். கேள்வி ஒன்றுதான்: "படுத்தனீங்களோ?" சுகிர்தனுக்கு வீடு கிடைக்க வேண்டும் என்று விரும்பாத ஒருவர்கூட அங்கே இல்லை. ஆனாலும் ஒன்றுமில்லாததுக்குப் படுத்தேன் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. வரிசையில் நின்று இருபத்துமூன்று பேர் கையெழுத்து வைத்தார்கள். தேனுகாவிடம் கேட்டபோது அவள் மேசைக்குக் கீழே ஒருமுறை பார்த்தாள். பிறகு அவளும் வைத்தாள்.

கடைசியாகப் படிவம் சுகிர்தனிடம் வந்தது.

"நீங்களும் படுத்தனீங்கள்தானே, தம்பி?" மேடத்தின் குரலில் அதிகாரம் இல்லை.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் இந்தச் சாட்சியமெல்லாம் உடையும் என்று அவனுக்குத் தெரிந்தது. முழங்காலில் மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"ஓம், மேடம்."

"அப்ப உதிலை, விமானத்தின் உரிமையாளர் எண்ட இடத்திலை பேரை எழுதுங்கோ."

அவன் பேனையை வாங்கிக்கொண்டு அந்த வெற்றிடத்தைப் பார்த்தான். அந்தச் சத்தம் யாருக்குச் சொந்தமானது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். மேடத்துக்கும் தெரியும். அந்தப் பெயரை அரசாங்கப் படிவத்தில் எழுத முடியாது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

சுகிர்தன் தன்னுடைய பெயரை எழுதினான்.